முதல் கோடையில் தைலமரக் கன்று: நீர்ப்பற்றாக்குறையை அறிவதும் கன்றைக் காப்பதும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் தைலமரம் (யூகலிப்டஸ்) நடுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இது வறட்சி தாங்கும் மரம், நட்டுவிட்டால் தானே பிழைத்துக்கொள்ளும் என்பதே அது. வேர் ஆழம் போய்விட்ட மூன்று, நான்கு வயது மரத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஐப்பசியில் நட்டு மறு சித்திரையைச் சந்திக்கும் கன்றுக்குப் பொருந்தாது. சரளையும் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கற்களும் கலந்த நம் செம்மண் நிலங்களில் அந்த வயதுக் கன்றின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடிக்குள்தான் பரவியிருக்கும். அந்த இரண்டு அடி மண்ணோ பங்குனி முடிவதற்குள் காய்ந்துவிடும். எனவே முதல் ஆண்டில் கன்று தண்ணீருக்குத் தவிப்பதை எப்படி அறிவது, எப்போது தண்ணீர் கொடுப்பது, எப்போது கொடுக்காமல் விடுவது என்பதைத் தெரிந்து செய்தால்தான் தோட்டம் சீராக எழும்.

சமவெளியிலும் ஓசூர், தளிப் பகுதி மேட்டு நிலங்களிலும் நடப்படுபவை பெரும்பாலும் யூகலிப்டஸ் டெரட்டிகார்னிஸ், யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ் ஆகிய இனங்களும் அவற்றிலிருந்தும் அவற்றின் கலப்பிலிருந்தும் தேர்ந்தெடுத்த குளோன் கன்றுகளுமே (ஒரு மரத்தின் வெட்டுத்துண்டுகளிலிருந்து வளர்த்தவை). உதகையிலும் கொடைக்கானலிலும் காணப்படும் குளோபுலஸ், கிராண்டிஸ் இனங்கள் குளிர்ந்த, மழை மிகுந்த இடங்களுக்கு உரியவை; அவற்றை வளர்த்தவர்களின் அனுபவத்தை அப்படியே அரூருக்கோ ஊத்தங்கரைக்கோ கொண்டுவருவதில் பயனில்லை.

வாடுவதற்கு முன்பே நடப்பவை

நீர்ப்பற்றாக்குறை என்றவுடன் தொங்கிய இலைதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் கன்று வாடுவதற்குப் பல நாட்கள் முன்பே அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. கொழுந்தில் உள்ள செல்கள் பெரிதாவதற்கு உள்ளிருந்து தள்ளும் நீரழுத்தம் தேவை. மண்ணின் ஈரம் சற்றுக் குறைந்தாலும் முதலில் தளர்வது அந்த அழுத்தமே. அதனால் புதிய இலைகள் முந்தைய இலைகளைவிடச் சிறியனவாகவும் தடித்தும் வரும், கணுக்களுக்கு இடையிலான தூரம் குறுகும், கொழுந்து இளம்பச்சைப் பளபளப்பை இழந்து செம்பழுப்பு நிறம் ஏறி அப்படியே நிற்கும். தோட்டத்தில் நடக்கும்போது கீழே பார்ப்பதைவிட நுனியைப் பார்ப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம். வாரம் ஒரு முறை சில கன்றுகளின் நுனிக்குக் கீழே வண்ண நூல் கட்டி வைத்து, அடுத்த வாரம் அந்த நூலுக்கு மேல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்தால், வாட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே செய்தி கிடைத்துவிடும்.

அடுத்து இலைத்துளைகள் மூடத் தொடங்குகின்றன. காய்ந்துவரும் மண்ணில் உள்ள வேர்களிலும் இலைகளிலும் அப்சிசிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஒழுங்குபடுத்தி உருவாகி, இலைத்துளைகளின் காவல் செல்களைச் சுருங்கச் செய்கிறது. இதனால் நீர் வெளியேறுவது குறைகிறது. ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வர வேண்டும் என்பதால், கன்று உணவு தயாரிப்பதும் குறைகிறது. நீராவி வெளியேறாத இலை சூடேறவும் செய்கிறது. ஆக, துளையை மூடிக்கொள்வது கன்றைக் காப்பாற்றுகிறது என்றாலும், அந்தக் காப்பை வாரக்கணக்கில் நீட்டிக்க முடியாது. சேமித்த மாவுச்சத்தில்தான் அது அந்த நாட்களை ஓட்டுகிறது.

இவற்றோடு நடக்கும் இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நமக்கு மிகவும் பயன்படுவது. மண் மெல்ல மெல்லக் காயும்போது, கன்று தன் செல்களுக்குள் சர்க்கரைகளையும் பொட்டாசியம் போன்ற உப்புகளையும் சேர்த்துச் செல்சாற்றின் செறிவைக் கூட்டிக்கொள்கிறது. செறிவு கூடிய செல், காய்ந்த மண்ணிலிருந்தும் நீரை இழுக்கவும் விறைப்பை விடாமல் நிற்கவும் வல்லது. கூடவே, தயாரித்த உணவில் தழைக்குப் போகும் பங்கைக் குறைத்து வேருக்குப் போகும் பங்கைக் கூட்டுகிறது. இவ்விரண்டும் நடக்க நாட்கள் வேண்டும். நாற்றங்காலில் காலையும் மாலையும் தண்ணீர் குடித்து, நிழல்வலைக்குள் வளர்ந்து, மறுநாளே சரளை மேட்டில் நடப்பட்ட கன்றுக்கு அந்த அவகாசம் இல்லை. திடீர் வறட்சியில் சாகும் அதே குளோன், படிப்படியாக வந்த வறட்சியில் பிழைப்பதை இதை வைத்தே விளக்க முடியும்.

பிறகு அடி இலைகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறி உதிரும். இதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. நீரைச் செலவிடும் பரப்பைக் கன்றே குறைத்துக்கொள்கிறது. கலங்க வேண்டியது நுனி காயத் தொடங்கும்போதுதான். மண் மேலும் வறண்டு, இலை இழுக்கும் இழுப்பு அளவுமீறும்போது, தண்டின் நீர்க்குழல்களில் நீர்த்தொடர் அறுந்து காற்று புகுந்துவிடுகிறது. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தால் தண்ணீர் ஏறாமல் போவதைப் போல, அந்தக் குழல்கள் அதன்பின் நீரை ஏற்றுவதில்லை. மோட்டாரில் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுத்துவிடலாம். கன்றிலோ, புதிய குழல்கள் உருவாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கோடை மழை பெய்து இரண்டு வாரம் ஆகியும் சில கன்றுகள் மந்தமாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

விடியல் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கைக்கொள்வதென்றால் இதைக் கைக்கொள்ளலாம். பகல் ஒரு மணிக்குத் தோட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள். உலர்ந்த காற்றும் கடும் வெயிலும் சேரும் அந்த நேரத்தில், வேரில் ஈரம் போதுமான அளவு இருந்தாலும் இலை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல் இளம் இலைகள் தளர்ந்து தொங்கும். அது காற்றின் வறட்சி. மண்ணின் வறட்சியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்க, வேர் நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், விடியலுக்குள் இலையின் நீர்நிலை வேர்மண்ணின் நீர்நிலையோடு ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது. ஆராய்ச்சியாளர்கள் பொழுது புலர்வதற்கு முன்பு இலையைக் கொய்து அழுத்தக்கலத்தில் வைத்து அளப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். நமக்கு அந்தக் கருவி தேவையில்லை.

சூரியன் எழுவதற்கு முன்போ எழுந்த அரைமணிக்குள்ளோ தோட்டத்துக்குப் போங்கள். மேட்டில் சில, தாழ்வில் சில, பாறை மேலெழுந்த இடத்தில் சில என்று எப்போதும் அதே கன்றுகளைப் பார்ப்பதற்காக அடையாளக் குச்சி நட்டு வைத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து ஐந்தாவது, ஆறாவது கணுவில் உள்ள முழு வளர்ச்சியடைந்த இலையை விரலால் மெல்ல வளைத்து விடுங்கள். விறைப்பாக மீண்டு நின்றால், முந்தைய நாள் மதியம் எவ்வளவு தொங்கியிருந்தாலும் அந்தக் கன்றுக்கு இப்போது தண்ணீர் தேவையில்லை. வளைத்த இடத்திலேயே தளர்ந்து நின்றால், அல்லது கொழுந்து விடியலிலும் தலை கவிழ்ந்திருந்தால், வேரெட்டும் மண்ணில் எடுக்கக்கூடிய ஈரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்த இரண்டு, மூன்று நாட்களுக்குள் தண்ணீர் போய்ச் சேர வேண்டும்.

இந்தச் சோதனை இரண்டு இடங்களில் ஏமாற்றும். முதலாவது, இலைமுடிச்சுக் குளவி. லெப்டோசைபே இன்வேசா என்னும் இந்தப் பூச்சி இந்தியாவில் 2001-இல் கண்டறியப்பட்டது. இது இளங்கன்றுகளின் நடுநரம்பிலும் இலைக்காம்பிலும் முட்டையிட்டு முடிச்சுகளை உருவாக்குவதால் இலைகள் சுருண்டு, நுனி வளர்ச்சி குன்றும். நரம்பைத் தடவிப் பார்த்தால் முடிச்சு கையில் படும். தண்ணீர் விட்டு அதைத் தீர்க்க முடியாது. இரண்டாவது, கரையான். வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்தைச் சுற்றிக் கரையான் பட்டையைத் தின்றுவிட்ட கன்று, பக்கத்துக் கன்றுகள் விறைப்பாக நிற்கும்போது அது மட்டும் விடியலிலும் வாடி நிற்கும். மண்ணைச் சற்று விலக்கி அடித்தண்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீருக்குத் தவிக்கும் கன்றைத்தான் கரையான் விரைவில் சாய்க்கும் என்பதால், நீர்ப்பற்றாக்குறையும் கரையானும் ஒரே தோட்டத்தில் ஒரே மாதத்தில் சேர்ந்து வருவதும் உண்டு.

தண்ணீர் கொடுக்கும் முறை

கன்றுக்கு நாள்தோறும் ஒரு குடம் ஊற்றுவதைப் போலக் கெடுதல் செய்யும் அன்பு வேறில்லை. மேலே நான்கு விரல் மண் மட்டும் நனைந்து, வேர் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே படர்ந்து, ஒரு வாரம் ஆள் வராவிட்டால் மொத்தமும் காய்ந்துபோகும். குறிப்பாகக் குளோன் கன்றுகள் வெட்டுத்துண்டிலிருந்து வேர்விட்டவை என்பதால், விதைக் கன்றுக்கு உள்ளதைப் போன்ற ஆணிவேர் அவற்றுக்கு இயல்பாக அமைவதில்லை; ஆழம் நோக்கிச் செல்லும் வேர்களை நாம்தான் ஈரத்தைக் காட்டி இறக்க வேண்டும்.

கணக்கு எளிது. கன்றைச் சுற்றி இரண்டு அடி, அதாவது 60 செ.மீ. விட்டத்தில் வட்டப் பாத்தி கட்டி 15 லிட்டர் தண்ணீர் விட்டால், அது அந்த இடத்தில் 5 செ.மீ. மழை பெய்ததற்குச் சமம். அதே தண்ணீரை ஒரு மீட்டர் விட்டப் பாத்தியில் பரப்பினால் 2 செ.மீ. கூட வராது. முதல் கோடையில் பாத்தி சிறிதாகவும் ஆழமாகவும் இருப்பதே நல்லது. தண்ணீர் விட்ட மறுநாள், நுனி கூரான அரை அங்குல இரும்புக் கம்பியைப் பாத்தியில் கையால் அழுத்துங்கள். ஈரமண்ணில் இறங்கிக்கொண்டே போகும் கம்பி, காய்ந்த மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். ஒன்றேகால் அடிக்குக் கீழே இறங்கியிருந்தால் போதும். முக்கால் அடியிலேயே நின்றால் அடுத்த முறை அளவைக் கூட்டுங்கள், நடைகளைக் கூட்டாதீர்கள். கம்பி கல்லில் இடித்தால் ஒலி வேறுபடும். சற்றுத் தள்ளிக் குத்திப் பார்க்கலாம்.

மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 670 கன்றுகள் வரும். கன்றுக்கு 15 லிட்டர் என்றால் ஒரு நனைப்புக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கரில் இரண்டு நடை. மணற்பாங்கான மண்ணில் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒரு முறையும், களி கலந்த மண்ணில் பதினைந்து முதல் இருபது நாட்களுக்கு ஒரு முறையும் தேவைப்படலாம். ஆனால் நாள்காட்டியை நம்புவதைவிட விடியல் சோதனையை நம்புங்கள். சொட்டுநீர் வைத்திருப்பவர்களும் நாள்தோறும் அரைமணி ஓட்டுவதைவிட, வாரம் ஒரு முறை கம்பி இறங்கும் ஆழம்வரை நீண்ட நேரம் ஓட்டுவதே மேல். ஊற்றும் நேரம் மாலையாக இருந்தால், இரவு முழுவதும் வேர் குடிக்க வாய்ப்புக் கிடைக்கும்.

தண்ணீர் எல்லாக் கன்றுகளுக்கும் போதாது என்ற நிலை சித்திரையில் வரும். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிடும், டேங்கர் வாடகை ஏறிவிடும். அப்போது எல்லாவற்றுக்கும் பாதிப் பாதி ஊற்றுவது எதையும் காப்பாற்றாது. விடியலில் விறைப்பாக நிற்பவற்றை அந்தச் சுற்றில் விட்டுவிடுங்கள். விடியலிலும் வாடியிருந்து, நுனி இன்னும் பச்சையாக இருப்பவற்றுக்கு முழு அளவு கொடுங்கள். நுனி காய்ந்துவிட்டவற்றின் தண்டில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்பட்டை பச்சையாகவும் ஈரமாகவும் அடிவரை இருந்தால் ஒரு முழு நனைப்புக்கு அவை தகுதியானவை. பழுப்பு நிறம் வேர்க்கழுத்துவரை இறங்கியிருந்தால், அந்தத் தண்ணீரை வேறொன்றுக்கு ஊற்றுவதே நியாயம்.

புல்லும் மூடாக்கும்

பெரிய தைலமரத்தின் அடியில் புல் முளைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். சிறிய தைலமரமோ புல்லிடம் தோற்றுப்போகிறது. அறுகும் கோரையும் மண்டிய இடத்தில் மேல்மண்ணின் ஈரத்தைப் புல்லின் அடர்ந்த வேர்கள் முதலில் எடுத்துக்கொள்கின்றன. தை மாதத்துக்குள் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்தில் களை இல்லாமல் கொத்திவிடுவது, பங்குனியில் ஊற்றும் ஒரு நனைப்புக்கு ஈடானது என்பது என் மதிப்பீடு. வேர்க்கழுத்துக்கு அருகே மண்வெட்டியை ஆழமாகப் போட வேண்டாம்.

புரட்டாசி, ஐப்பசியில் இடைப்பயிராகக் கொள்ளு விதைப்பது நம் பகுதிக்கு நன்றாகப் பொருந்துகிறது. கோடைக்கு முன் அறுவடையாகிவிடுவதால் நீருக்குப் போட்டியிடாது, அதன் சக்கையே மூடாக்காகவும் ஆகும். துவரையைத் தவிர்ப்பது நல்லது. நிலம் காய்ந்துவரும் மாதங்களிலும் அது நின்று ஆழத்து ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். கேழ்வரகுத் தாள், சாமைத் தாள், நிலக்கடலைக் கொடி எதுவானாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விட வேண்டும்; இல்லாவிட்டால் கரையானை நாமே அழைத்துவந்ததாக ஆகும். கரையான் தொல்லை கண்ட நிலமென்றால் தாளுக்குப் பதில் தட்டைக் கற்களை அடுக்குவதே பாதுகாப்பு. அது நம் நிலங்களில் பஞ்சமில்லாத பொருள்.

கோடைக்கு முன் யூரியா போட வேண்டாம். தழைச்சத்து இலைப்பரப்பைக் கூட்டும். கூடிய பரப்பு கூடுதல் நீரைக் கேட்கும். உரமிட்டுத் தழைத்த கன்று, உரமிடாத கன்றைவிட முதலில் வாடுவதைப் பலர் பார்த்திருக்கலாம். சாம்பல்சத்து (பொட்டாசியம்) இலைத்துளைகளின் இயக்கத்துக்கும் செல்சாற்றின் செறிவுக்கும் துணைசெய்வதால், அதை மழைக்காலத்திலேயே இட்டுவிடலாம். வறண்ட மண்ணில் போரான் சத்து வேருக்குக் கிடைப்பது தடைப்பட்டு நுனி காய்வதும் உண்டு. தண்ணீர் கொடுத்த பின்பும் கொழுந்து இலைகள் தடித்து உருக்குலைந்து நுனி கருகினால், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிவிட்டு இடுங்கள். போரான் சற்று மிகுந்தாலும் நஞ்சாகும் சத்து.

நடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கோடையில் படும் பாட்டில் பாதியை முந்தைய ஆவணியிலேயே குறைத்துவிடலாம். கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு முழ உயரத்தில், தண்டு கடினப்பட்டு, வேர்க்குழலில் வேர் சுருளாமல் நேராக இறங்கியிருக்கும் கன்று, பாலித்தீன் பையில் வேர் வட்டமிட்ட மூன்றடிக் கன்றைவிடச் சிறந்தது. சுருண்ட வேர் நிலத்திலும் சுருண்டே வளரும். நடுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே நிழல்வலையை விட்டு வெளியே எடுத்து, தண்ணீர் விடும் இடைவெளியைப் படிப்படியாக நீட்டி, இலை லேசாகத் தளர்ந்த பின் தண்ணீர் காட்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்த கன்றுகளா என்று நாற்றங்காலில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வந்து உங்கள் நிலத்திலேயே அதைச் செய்யலாம்.

கீழே இறுகிய மண்ணோ சுக்கான் அடுக்கோ இருந்தால், வரிசை வரும் இடத்தில் சரிவுக்குக் குறுக்கே உளிக்கலப்பை ஓட்டுவது, குழியைப் பெரிதாக்குவதைவிடப் பயன் தரும். ஒன்றரை அடிக் குழியின் சுவர் கெட்டியாக இருந்தால் வேர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் முதல் நல்ல நனைப்பு இரண்டு அடி இறங்கியவுடன் நட்டுவிட்டால், கோடைக்கு முன் வேருக்கு ஐந்து மாதம் கிடைக்கும். மார்கழியில் நட்ட கன்றுக்குக் கிடைப்பது வெயிலுக்கு முந்தைய சில வாரங்களே. கன்று கிடைக்கத் தாமதமானால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம்.

எங்கே நடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேர் ஈரத்தைத் தொட்டுவிட்ட தைலமரம் கோடையிலும் இலையுதிர்க்காமல் நீரைச் செலவிடும். பற்றாக்குறையைத் தாங்க வைக்கும் அதே ஆழ்ந்த வேர்தான் இதற்கும் காரணம். எல்லைக்கு அப்பால் கர்நாடக அரசு 2017-இல் யூகலிப்டஸ் நடவுக்குத் தடை விதித்ததற்குப் பின்னால் நிலத்தடி நீர் பற்றிய கவலைதான் இருந்தது. பாசனக் கிணற்றை ஒட்டியும், ஏரிக்கரையிலும், ஓடைக்கரையிலும் இதை நடாமல், வேறு பயிர் ஏறாத மேட்டு நிலத்தோடு நிறுத்திக்கொள்வதே அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது.

மழைக்குப் பிந்தைய இரண்டாவது சோதனை

மே மாதத்தில் ஒரு கோடை மழை பெய்ததும் கன்றுகள் பிழைத்துவிட்டன என்று தண்ணீரை நிறுத்திவிடுவது வழக்கம். அரை செ.மீ. தூறல் வேர்வரை போகாது. கம்பியை இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல மழையாகவே இருந்தாலும், அதன் பின் கன்று மளமளவென்று மெல்லிய, அகன்ற இளம் இலைகளை விடும். தென்மேற்குப் பருவமழை நம் மாவட்டங்களுக்கு ஜூன், ஜூலையில் சீராக வருவதில்லை. ஆனால் ஆடிக் காற்று தவறாமல் வீசும். சித்திரையில் குறைந்த இலையோடு பழகி நின்ற கன்று, ஆடியில் இரண்டு மடங்கு இலையோடு காய்ந்த காற்றை எதிர்கொள்கிறது. சித்திரையைத் தாண்டிய கன்றுகள் ஆடியில் சாகும் புதிருக்கு இதுவே விடை. எனவே விடியல் சோதனையைப் புரட்டாசிவரை விடாமல் செய்யுங்கள். இடையில் ஓரிரு நனைப்புகளுக்கான தண்ணீரை ஒதுக்கியும் வையுங்கள். பிஞ்சாக உள்ள பக்கக் கிளைகளைக் கவாத்து செய்யும் எண்ணமிருந்தால், இந்தக் காற்றுக்கு முன் அடிக்கிளைகளில் சிலவற்றை மட்டும் எடுத்து நீர்ச்செலவைக் குறைக்கலாம். உச்சியைத் தொட வேண்டாம்.

நுனி காய்ந்து அடியிலிருந்து துளிர்த்த கன்றுகளை உடனே வெட்டாதீர்கள். மண் நன்றாக நனைந்த பின், தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டு, உயிருள்ள பட்டை இருக்கும் இடத்தில் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். பல துளிர்கள் வரும். அவை முழங்கால் உயரம் ஆகும்வரை எல்லாவற்றையும் விட்டு, பிறகு காற்று வீசும் பக்கமாக அடியில் உறுதியாகப் பொருந்திய ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். கோடையைத் தாங்கிய வேர் ஏற்கெனவே கீழே இருப்பதால், இந்தத் துளிர் புதிதாக நட்ட கன்றை எளிதில் முந்திவிடும். ஆகவே, கீறிப் பார்த்து முற்றிலும் செத்தவை என்று உறுதியான குழிகளில் மட்டும் புதுக்கன்று நடுங்கள். அதையும் அந்த முதல் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால், சுற்றிலும் உயர்ந்துவிட்ட மரங்களின் நிழலிலும் வேர்ப்போட்டியிலும் அந்தக் கன்று தேறாது.